ரோஸ்மேரியா, நீர்ப்பிரமியா: ஒரு மறதிக்காரனின் கணக்கு

ரோஸ்மேரிச் செடி ஒன்றை மறதியால் கொன்றவன் நான். தண்ணீர் ஊற்ற மறந்து அல்ல, ஊற்றியதை மறந்து. காலையில் ஊற்றுவேன். மாலையில் அந்தப் பக்கம் போகும்போது "இன்றைக்கு ஊற்றினோமா?" என்று ஒரு சந்தேகம் வரும். எதற்கு வம்பு என்று இன்னொரு குவளை ஊற்றுவேன். நினைவாற்றலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு வாங்கிய செடி அது என்பதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

இப்போது அந்த ஜன்னலோரத்தில், நினைவுக்கு நல்லது என்று அதே பேர் வாங்கிய நீர்ப்பிரமி என்ற சேற்றுச் செடி படர்ந்து கிடக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன். நான் நீர்ப்பிரமி கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செடிக்கும் நம் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. செடியால் ஓட முடியாது. தின்ன வரும் பூச்சியைச் சமாளிக்க அதன் பெரிய ஆயுதம் வேதிப்பொருள். பூச்சியின் நரம்புகளில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் நம் மூளையிலும் இருக்கிறது. நினைவு பதிவதில் அதற்குப் பெரிய பங்கு. அதனால் பூச்சிக்கு வைத்த வேட்டு நம்மையும் தொடுகிறது. ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபோலமைன், அசிட்டைல்கோலின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. புதிதாக எதுவும் மனதில் பதியாது. ஆய்வுக்கூடங்களில் தற்காலிக மறதியை வரவழைக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஸ்னோடிராப் பூச்செடியில் கிடைக்கும் கேலண்டமைன் இதற்கு நேர் எதிர்: அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து வைக்கிறது. அல்சைமர் நோய்க்கான மருந்தாக 2001இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது காபிச் செடியின் தந்திரம். காபிப் பூவின் தேனிலும் எலுமிச்சை இனப் பூக்களின் தேனிலும் துளியூண்டு காஃபீன் இருக்கிறது. காஃபீன் கலந்த சர்க்கரைக் கரைசலோடு ஒரு பூ வாசனையைப் பழகிய தேனீக்களை 24 மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள். வெறும் சர்க்கரை குடித்தவற்றைவிட மூன்று மடங்கு தேனீக்களுக்கு அந்த வாசனை நினைவிருந்தது. 2013இல் வெளியான ஆய்வு இது. வந்த வாடிக்கையாளர் கடையை மறந்துவிடக் கூடாது என்று செடியே ஏற்பாடு செய்துகொள்கிறது!

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். வழக்கமாக அடிபடும் பெயர்கள் நான்கு: ஜிங்கோ, வல்லாரை, ரோஸ்மேரி, நீர்ப்பிரமி.

ஜிங்கோவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மரம் என்ற வகையில் அது அதிசயம்தான். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்துக்கு அருகிலிருந்த சில ஜிங்கோ மரங்கள் மறுபடி துளிர்த்து இன்றும் நிற்கின்றன. ஆனால் நினைவு மாத்திரை என்று பார்த்தால் கதை வேறு. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம், நாளுக்கு இரண்டு வேளை 120 மில்லிகிராம் வீதம், சராசரியாக ஆறு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. இத்தனை பெரிய சோதனைக்குப் பிறகு அதற்காகக் கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஜிங்கோவைத் தொடவே கூடாது.

வல்லாரையில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. 'பிரம்மி' என்ற பெயரில் சிலர் வல்லாரையைத் தருகிறார்கள், சிலர் நீர்ப்பிரமியைத் தருகிறார்கள். இரண்டும் ஈரத்தில் படர்பவை என்பதைத் தவிர உறவே இல்லை. தாவரக் குடும்பமே வேறு. வல்லாரை இலை நீண்ட காம்பில் நிற்கும், சிறுநீரக வடிவில், ஓரம் பல் பல்லாக இருக்கும். நீர்ப்பிரமி இலை சின்னது, தடித்தது, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே ஒட்டியிருக்கும். நுனி உருண்டு, நகத்தால் அழுத்தினால் சாறு வரும். பொடியாக வாங்கினால் இந்த வித்தியாசம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வல்லாரையை வைத்து மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் சிறியவை. நானும் அதைத் தொடர்ந்து பயன்படுத்தியதில்லை. அதனால் இதற்கு மேல் பேசுவது நியாயமாக இருக்காது.

ரோஸ்மேரிக்கு என் மனதில் இன்னும் இடம் உண்டு. இங்கிலாந்தின் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் 2003இல் 144 பேரைப் பிரித்து, சிலரை ரோஸ்மேரி எண்ணெய் மணக்கும் இடத்திலும் சிலரை லாவெண்டர் மணத்திலும் மற்றவர்களை மணமே இல்லாமலும் உட்காரவைத்துத் தேர்வு வைத்தார்கள். ரோஸ்மேரி மணத்தில் இருந்தவர்களின் நினைவின் தரம் கூடியிருந்தது. ஆனால் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் வேகம் குறைந்திருந்தது. ரோஸ்மேரியைப் புகழ்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை. 2012இல் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. ரோஸ்மேரி மணம் பரவிய அறையில் இருந்தவர்களின் ரத்தத்தில், அந்த மணத்துக்குக் காரணமான சினியோல் என்ற பொருள் கலந்திருந்தது. அது கூடக்கூடத் தேர்வில் அவர்கள் செய்ததும் மேம்பட்டிருந்தது. அதாவது வெறும் மணம் மூக்கோடு நிற்காமல் உள்ளே போகிறது. பங்கேற்றவர்கள் 20 பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் சௌகரியம், காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிளையைக் கசக்கி முகர்ந்தால் தலைக்குள் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். படிக்க உட்காரும்போது நான் அதைத்தான் செய்தேன். அது நினைவைக் கூட்டியதா, தூக்கத்தை விரட்டியதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஒன்று மட்டும் உறுதி: கிளையைக் கீழே வைத்துவிட்டுப் படித்தது மறுநாள் நிற்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த மறுநாள்தான்.

நீர்ப்பிரமி பக்கம் நான் சாய்ந்தது இங்கேதான். ஆஸ்திரேலியாவில் 2002இல் வெளியான ஒரு ஆய்வில் 40 முதல் 65 வயது வரையிலான 76 பேருக்கு மூன்று மாதம் நீர்ப்பிரமிச் சாரமோ, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரையோ கொடுத்தார்கள். கற்கும் வேகம் இரண்டு தரப்பிலும் ஒன்றுதான். கவனம், குறுகிய கால நினைவு எதிலும் மாற்றமில்லை. ஆனால் புதிதாகக் கற்றது மறந்துபோகும் வேகம் மட்டும் நீர்ப்பிரமி எடுத்தவர்களிடம் குறைந்திருந்தது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. என் வியாதியை யாரோ அளந்து சட்டை தைத்த மாதிரி இருந்தது. எனக்கு எதுவும் புரியாமல் போவதில்லை. நன்றாகப் புரியும், அப்புறம் காணாமல் போகும்.

முந்தைய ஆண்டு, அதே நாட்டில், 46 பேருக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் சாரத்தை 12 வாரம் கொடுத்த சோதனையிலும் நல்ல முடிவு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது வாரக் கணக்கு. 12 வாரம்! இன்று விழுங்கி நாளைக்குத் தேர்வெழுதும் சமாச்சாரம் இல்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நரம்பணுக்களின் கிளைகள் கூடுதலாகப் பிரிந்து வளர்ந்திருந்தன. மனிதர்களிடமும் அப்படித்தான் நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் கிளை விடும் வேலைக்கு மாதக் கணக்கு ஆகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

முழுக் கதையையும் சொல்வதென்றால், அந்த 76 பேரிடம் அன்றாட மறதி எப்படி இருக்கிறது என்று கேள்வித்தாளும் கொடுத்தார்கள். அதில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. சொற்பட்டியல் மனதில் நிற்கலாம். சாவியை எங்கே வைத்தோம் என்பது தெரியவேண்டும் என்று இல்லை. என் அனுபவமும் அதேதான். புதிய மொழி ஒன்றின் சொற்களை அட்டைகளில் எழுதி, முதல் நாள் 20 படித்து, மறுநாள் எத்தனை நிற்கிறது என்று குறித்துவைத்தேன். மூன்றாவது மாதத்தில் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் மூன்று மாதம் தினமும் அட்டை புரட்டியவனுக்கு எந்தச் செடியும் இல்லாமலேயே அது கூடியிருக்கும். சாவியை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதையெல்லாம் தாண்டி எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது பராமரிப்பு. மறதிக்காரன் வீட்டில் எந்தச் செடி பிழைக்கும் என்ற கேள்வி.

ரோஸ்மேரி மத்தியதரைக்கடல் ஓரத்துக் காய்ந்த சரிவுகளில் வளர்வது. வேர் ஈரத்திலேயே ஊறினால் அழுகிவிடும். கொடுமை என்னவென்றால், அது சாவதைச் சொல்லாது. ஊசி மாதிரி இலைகள் வேர் போன பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். நான் ஒரு நாள் கசக்க ஒரு கிளையைப் பிடித்தபோது இலைகள் பொலபொலவென்று கையில் உதிர்ந்தன. செடியை மெல்ல இழுத்தேன். கறுத்த வேர்த் துணுக்குகளோடு எதிர்ப்பே இல்லாமல் மேலே வந்துவிட்டது. நான் அதற்குச் சேவை செய்துகொண்டிருந்த கடைசி நாட்களில் அது செத்துத்தான் இருந்திருக்கிறது.

நீர்ப்பிரமி சேற்றுச் செடி. தொட்டிக்கு அடியில் ஓட்டை இல்லாவிட்டாலும் கவலையில்லை. இரண்டு முறை ஊற்றினால் இரட்டிப்புச் சந்தோஷம். ஊற்ற மறந்தால் மதியத்துக்குள் தண்டு தொங்கி, போகிற வருகிற எல்லோரிடமும் புகார் சொல்லும். ஊற்றினால் மாலைக்குள் எழுந்து நிற்கும். தண்டைக் கிள்ளி ஈர மண்ணில் வைத்தால் கணுவிலிருந்து வேர் விடும். என் ஒரு தொட்டி நாலானது அப்படித்தான். என் மறதி இரண்டு திசையிலும் வேலை செய்யும். இரண்டையும் பொறுத்துக்கொள்கிற செடி இது ஒன்றுதான்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை நீர்ப்பிரமி உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்ளும். மாசைச் சுத்தம் செய்யவே அதைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிற அளவுக்கு அந்தத் திறமை. ஆகவே சாக்கடை ஓரத்தில் செழிப்பாக இருக்கிறதே என்று பறித்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். நல்ல மண், நல்ல தண்ணீர், சொந்தத் தொட்டி, அதுதான் சரி.

தொட்டி இலையும் ஆய்வுச் சாரமும் ஒன்றல்ல என்பதும் உண்மை. இலையில் இருக்கும் பக்கோசைடு என்ற சரக்கின் அளவு செடியின் பாகத்தையும் பருவத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். அதனால் அந்த 12 வாரமும் நான் எடுத்தது அளவிட்ட காப்ஸ்யூல்தான். இலையை அவ்வப்போது இரண்டு மூன்று மெல்வேன். கசப்பு நாக்கின் பின்பக்கம் நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் வாரம் வெறும் வயிற்றில் காப்ஸ்யூல் போட்டு, குமட்டலும் வயிற்றுப் போக்குமாக அவதிப்பட்டேன். சோதனைகளில் அதிகம் பேர் சொன்ன தொந்தரவும் அதுவே. சாப்பிட்ட பிறகு போட ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது. மறதி நோய்க்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

தேர்வுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குத் தெம்பு வேண்டும், செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்றினோம் என்பதும் நினைவிருக்கும் என்பவர்களுக்கு ரோஸ்மேரி தாராளமாகப் போதும். மண்தொட்டியும் மணல் கலந்த மண்ணும் நல்ல வெயிலும் கொடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

காப்ஸ்யூல் விஷயத்தில் ரோஸ்மேரிக்குச் செய்த தவறையே எனக்கும் செய்துகொள்ளப் பார்த்தேன். போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொன்றை எடுக்கப் போன கையை வீட்டில் பிடித்து நிறுத்தினார்கள். இப்போது கிழமை எழுதிய ஏழு அறைப் பெட்டி ஒன்று சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அறை காலியென்றால் போட்டாயிற்று. பெட்டியை ஞாயிற்றுக்கிழமை நிரப்புவது மட்டும் என் பொறுப்பில் இல்லை.