கப்பல் ஷோவுக்குத் தனி டிக்கெட் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து சிங்கப்பூர் குரூஸ் போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. சின்ன வயதில் குன்றக்குடித் திருவிழாவில் கழைக்கூத்து பார்த்ததை இன்றைக்கும் சொல்வார். கப்பலுக்குள் மேடை போட்டு, மேலேயிருந்து தொங்கும் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு ஆட்கள் தலைகீழாகச் சுழல்கிற வீடியோவை நான் காட்டியதிலிருந்து அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. காரைக்குடியில் ஒரு டிராவல்ஸில், திருச்சியிலிருந்து விமானம், மூன்று இரவு கப்பல் எல்லாம் சேர்த்துப் பேசினோம். "அண்ணே, ஷோவுக்குத் தனி டிக்கெட், தலைக்கு 2,500. ஆச்சிக்கு முன்வரிசை நான் கேரண்டி" என்றார் அந்த ஏஜென்ட். நாலு பேருக்குப் பத்தாயிரம். வெள்ளைத்தாளில் எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்.

முதல் நாள் ராத்திரி அரங்க வாசலில் அந்தத் தாளை நீட்டினால் அங்கே நின்ற பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஷோ கப்பல் கட்டணத்திலேயே சேர்ந்தது, கப்பலின் ஆப்பில் இலவசமாக இடம் பதிந்தால் போதும், ஆனால் அன்றைய இரண்டு காட்சியும் நிரம்பிவிட்டன. பதியாதவர்களுக்குத் தனி வரிசை, காலி இருந்தால் உள்ளே விடுவார்கள். முழங்கால் வலியோடு அப்பத்தா முக்கால் மணி நேரம் நின்றார். கிடைத்தது பால்கனியில் ஒரு தூணுக்குப் பின்னால். உச்சியிலிருந்து ஒரு பெண் துணி அவிழ அவிழ உருண்டு இறங்கியபோது அரங்கமே கைதட்டியது, அவருக்குத் தூண்தான் தெரிந்தது. "அந்தப் பிள்ளை பத்திரமா இறங்கிருச்சா?" என்று என்னைக் கேட்டார். மறுநாள் வேறு ஷோ, பாட்டுக் கச்சேரி.

இன்னொன்று, அலை அதிகமானால் உயரத்தில் தொங்கிச் செய்பவற்றை ஆட்களின் பாதுகாப்புக்காக நிறுத்திவிடுவார்கள். அதற்கு ஏஜென்ட் எப்படிக் கேரண்டி தர முடியும்? சில கப்பல்களில் பணம் வாங்கும் தனி ஷோக்களும் உண்டு, அதைக் கப்பல் நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கடைசி பில்லில் சேரும் பணியாளர் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதையும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து கேட்டால் "அது எங்க சர்வீஸ் சார்ஜ்" என்கிறார். தாளில் "ஷோ டிக்கெட், 4 பேர்" என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே கடையில் இப்படிக் கட்டியவர்கள் தாளைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.