கீமோ வார்டுக்குக் கஞ்சி கொண்டுபோக வாங்கிய பிளாஸ்க்

750 மில்லி பிடிக்கும், வாய் அகன்ற சில்வர் பிளாஸ்க், விலை 89 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து கீமோ தொடங்கிய வாரம், பட்டர்வொர்த்தில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினோம். கீமோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 12 தடவை. அதில் பத்து முடிந்துவிட்டது, பத்துக்கும் இதுதான் கூட வந்தது.

அப்பாவுக்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று ஆக்சாலிபிளாட்டின். அது ஏறினால் அடுத்த சில நாளைக்குக் குளிர்ச்சியே ஆகாது. முதல் தடவை மிஸ்ஸி (நர்ஸ்) படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார், ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா பழக்கத்தில் ஐஸ்பெட்டியைத் திறந்து ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டார், தொண்டையை யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி, மூச்சே வராத மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் மூச்சு நிற்கவில்லை, நரம்பு அப்படி உணரவைக்கிறது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. அன்றிலிருந்து எதுவானாலும் வெதுவெதுப்பாகத்தான்.

வார்டில் அந்த மருந்து இரண்டு மணி நேரம், அப்புறம் இன்னொரு மருந்து பம்ப் வழியாக 46 மணி நேரம், ஆக இரண்டு ராத்திரி அங்கேதான். காலையில் சாப்பாட்டு வாசனை வந்தாலே அப்பாவுக்குக் குமட்டும், பதினொரு மணிக்குத்தான் கொஞ்சம் பசிக்கும். தம்பி ஆறரைக்கே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். பதினொன்றுக்குத் திறந்தால் கஞ்சியில் ஆவி பறக்கிறது. இதற்காகவே 89 வெள்ளி தகும்.

ஆனால் ஒன்று, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு கஞ்சியை ஊற்ற வேண்டும். முதல் நாள் அவசரத்தில் அப்படிச் செய்யவில்லை, திறந்தபோது இளஞ்சூடுதான் இருந்தது. வெள்ளை அணு குறைந்திருக்கிறவருக்கு மணிக்கணக்கில் அரைச்சூட்டில் கிடந்த சாப்பாட்டைக் கொடுக்கக் கூடாது, கிருமி பெருகியிருக்கும். அவ்வளவையும் கொட்டினோம்.

குறைகளும் இருக்கின்றன. உள்ளே எவ்வளவு கொதித்தாலும் வெளிப்பக்கம் சுடாது என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், ஏர்கோன் வார்டில் அது சில்லென்று ஆகிவிடுகிறது. அப்பா தொட்டதும் ஊசி குத்துகிறது என்று கையை இழுத்துக்கொண்டார். அம்மா பழைய துண்டை வெட்டி உறை தைத்துப் போட்டார், கழுத்து வரை, மூடிக்கும் தனியாக. கூட வந்த சில்வர் கரண்டி எங்களுக்கு உதவவில்லை, அதுவும் சில்லென்று இருக்கிறது, வாயில் ஏற்கெனவே இரும்பு ருசி என்கிறவருக்கு அதில் எப்படி ஊட்டுவது? சூப் குடிக்கும் பீங்கான் கரண்டிக்கு மாறினோம். மூடி சூட்டில் இறுகிக்கொள்கிறது, நடுவிலிருக்கும் பொத்தானை அழுத்திக் காற்றை விட்டால்தான் திறக்கும், விரல் மரத்துப்போனவரால் தனியாக முடியாது.

ரசம் மட்டும் இதில் ஊற்றாதீர்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் வாசனை ஏறிவிட்டால் எத்தனை தடவை கழுவினாலும் போகாது, அடுத்த நாள் கஞ்சியைத் திறந்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்று வளையம் கேட்டால் வாங்கிய கடையில் இல்லை. நோயாளிக்கு வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினோம், இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதே மருந்து ஏறுகிறவர்கள் 500 மில்லியே வாங்குங்கள். அப்பா ஒரு வேளைக்கு ஆறேழு கரண்டிதான் சாப்பிடுகிறார், பழையபடி சாப்பிடுவார் என்று நினைத்துப் பெரியதாக வாங்கிவிட்டோம். பாதி காலியாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்குவதால் நிரப்பித்தான் அனுப்புகிறோம். அப்பாவுக்குக் கிண்ணத்தில் எடுத்தது போக மீதியை அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அதற்கு முன்பெல்லாம் வார்டில் அம்மா ஒன்றும் சாப்பிடாமல்தான் இருந்தார்.