ரோஸ் ஹில்லில் ராக்கெட் பார்க்க ஒரு கடை

ரோஸ் ஹில் சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இந்தக் கடைக்குத் தனிப் பெயர் இல்லை. பலகையில் ‘ஸ்நாக்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மொரீஷியஸில் தெருவுக்குத் தெரு இப்படி ஒன்று உண்டு: தால் பூரி, காதோ பிமா, அலூடா என்னும் பால் பானம், குளிர்பெட்டி நிறையக் கண்ணாடி பாட்டில்கள். ஆனால் ராக்கெட் கிளம்பும் நாளில் கால்பந்தாட்டத்தை நிறுத்திவிட்டு அதைப் போடும் கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். 2023 முதல் போய்வருகிறேன்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். காதோ பிமா நம் பருப்பு வடையேதான்; கடல் தாண்டி வந்தபின் உருண்டையாகச் சிறுத்து, வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இங்கே காலையில் சுட்டு அடுக்கிவைக்கும் வழக்கமில்லை. கேட்டபிறகுதான் எண்ணெயில் போடுகிறார்கள். தால் பூரி மெல்லியது, நன்றாக இருக்கிறது. தேநீரில் சர்க்கரை கூடுதல். குறைத்துப் போடும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைக்காரரை ஊரே ‘தொந்தோன்’ என்கிறது, கிரியோலில் மாமா. நான் மட்டும் அண்ணன் என்கிறேன். அவருக்குத் தமிழ் காவடிப் பாட்டு அளவுக்குத் தெரியும். எனக்குக் கிரியோல், காரைக்காலிலிருந்து கல்யாணமாகி வந்தபின் கற்றது. இரண்டையும் கலந்து பேசிக்கொள்கிறோம்.

இந்தக் கடையின் சிறப்பு அந்தப் பிரம்புக் கூடை. இணையம் வழியாக வரும் நேரலை எல்லாக் கருவியிலும் ஒரே நொடியில் வருவதில்லை. கைப்பேசியில் சில விநாடி முந்திக்கொள்ளும். ஒரு பையன் ‘இறங்கிவிட்டது’ என்று கத்தினால் போதும், அறையிலிருக்கும் இருபது பேரின் காத்திருப்பும் வீணாகிவிடும். அதனால் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கையில் அண்ணன் கூடையை நீட்டுகிறார். எல்லாக் கைப்பேசிகளும் அதற்குள் போகின்றன. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் நிலை, அதாவது மறுபடி பறக்கத் திரும்பி வரும் கீழ்ப்பகுதி, கடலில் நிற்கும் மிதவையில் இறங்கும் தறுவாயில், அதிர்வில் ஆன்டெனா இணைப்பு அறுந்து படம் அடிக்கடி உறைந்துவிடும். நெருப்பும் புகையும் பாதியில் நிற்கும். நின்றதா, சாய்ந்ததா? அந்த நாலைந்து விநாடியை முழுதாக அனுபவிக்க வேண்டுமானால் கூடை அவசியம்.

நான் முதலில் போனது 2023 ஏப்ரல் 17, திங்கள் மாலை. ஸ்பேஸ்எக்ஸின் மாபெரும் ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் முதல் பயணம் 5.20க்கு என்றார்கள். ஒரு வால்வு உறைந்துபோனதால் கிளம்ப ஒருசில நிமிடம் இருக்கையில் ஒத்திவைத்தார்கள். கூடையிலிருந்து கைப்பேசிகள் திரும்பின. யாரும் முணுமுணுக்கவில்லை, வியாழன் மாலை அத்தனை பேரும் மறுபடி வந்து உட்கார்ந்தோம். 5.33க்குக் கிளம்பி, நாலே நிமிடத்தில் வானத்தில் சிதறியது. அன்று கடையில் எண்ணெய்ச் சட்டியின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஒத்திவைப்பு ஏன் இத்தனை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஃபால்கனில் மிகவும் குளிரூட்டிய ஆக்சிஜனைக் கடைசி அரைமணி நேரத்தில்தான் நிரப்புகிறார்கள். தாமதித்தால் அது சூடேறி விரிந்து, தொட்டியில் கொள்ளும் அளவு குறையும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் பயணத்தில் பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது. குறித்த நொடியில் கிளம்பியாக வேண்டும், தவறினால் அடுத்த நாள்தான். ஒரு மேகம் போதும் அன்றைய நாளைக் கெடுக்க.

இனி கணக்கு. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு குளிர்பானக் கிடங்கில் கணக்கு எழுதியவள் நான். திரும்பி வரும் பாட்டில்களை எண்ணுவதே வேலை. அண்ணன் கடையில் இன்றைக்கும் பாட்டில் காசு வாங்கிக்கொண்டுதான் கண்ணாடி பாட்டிலை வெளியே விடுவார். இந்த ராக்கெட் வியாபாரம் எனக்குச் சட்டென்று பிடிபட்டதற்கு அந்தப் பாட்டில்கள்தான் காரணம்.

திரும்பி வர வேண்டிய பாட்டிலைத் தடித்த கண்ணாடியில் செய்ய வேண்டும். கனம் கூடும்; அதே லாரியில் குறைவாகத்தான் ஏற்ற முடியும். ராக்கெட்டும் அப்படியே: இறங்குவதற்கு எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டும், கால்களைச் சுமக்க வேண்டும். அதற்காக 40 விழுக்காட்டுக்கும் குறைவான சுமையை இழக்கிறோம், மீட்டுப் பழுதுபார்க்க 10 விழுக்காட்டுக்கும் குறைவாகச் செலவாகிறது, இரண்டு பயணத்தில் ஈடாகும், மூன்றாவதில் லாபம் என்று 2020இல் ஸ்பேஸ்எக்ஸ் தலைவர் ஈலோன் மஸ்க் கணக்குச் சொன்னார். போட்டி நிறுவனமான யுஎல்ஏவின் அன்றைய தலைவர் டோரி புருனோ ஒப்புக்கொள்ளவில்லை. சராசரியாகப் பத்துப் பயணமாவது வேண்டும் என்றார். எங்கள் கிடங்கிலும் இதே சண்டை ஆண்டுதோறும் நடந்தது. ஒரு பாட்டில் எத்தனை முறை திரும்பினால் போட்ட முதலீட்டை எடுக்கும்? கழுவும் செலவைக் குறைத்துக் காட்டுகிறவருக்கு ஒரு விடை, கூட்டிக் காட்டுகிறவருக்கு வேறு விடை.

கழுவும் செலவு முதலீட்டை விழுங்கியதற்கு உதாரணம் நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில். அதுவும் திரும்பி வந்த வண்டிதான். ஒவ்வொரு முறை வந்த பிறகும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வெப்பக் காப்பு ஓடுகளைச் சோதித்து, எஞ்சின்களைக் கழற்றி மாட்டி, அடுத்த பயணத்துக்கு மாதக்கணக்கில் உழைத்தார்கள். 1981 முதல் 2011 வரை, ஐந்து விண்கலங்களும் சேர்ந்து 135 பயணம். ஃபால்கன் ராக்கெட்டுகள் 2024ஆம் ஆண்டில் மட்டும் 134.

அந்த 134இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இணைய வசதி தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்காக, அதாவது ஸ்பேஸ்எக்ஸின் சொந்தச் சரக்கு. கழுவும் இயந்திரம் சும்மா நின்றால் நஷ்டம் என்பது கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரியும். வெளியிலிருந்து சரக்கு வராதபோது தாங்களே சரக்கு உண்டாக்கிக்கொண்டார்கள். இந்தத் தந்திரத்தை நான் மனதார மெச்சுகிறேன்.

மெச்ச முடியாததும் உண்டு. செலவு இவ்வளவு குறைந்தும், 62 மில்லியன் டாலராக இருந்த ஒரு ஃபால்கனின் பட்டியல் விலையை 2022இல் 67 மில்லியனாக உயர்த்தினார்கள். எங்கள் கிடங்கும் மிச்சம் பிடித்ததைக் குடிக்கிறவருக்குக் கொடுத்ததில்லை. எனக்கு அன்றும் வருத்தம், இன்றும் வருத்தம்.

கடைக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 13, ஞாயிறு மாலை 4.25. ஸ்டார்ஷிப்பின் ஐந்தாம் பயணம். உட்கார இடமில்லை, நான் பாட்டில் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். 33 எஞ்சின்களும் 71 மீட்டர் உயரமும் கொண்ட கீழ்நிலையை, கிளம்பிய கோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகளே பிடிக்க வேண்டும். கால் வைத்தால் கனம், அதனால் கால்களே இல்லை. எல்லாம் சரி என்று பயணத்தை நடத்தும் இயக்குநர் கையால் கட்டளை அனுப்பினால் கோபுரத்துக்குத் திரும்பும். இல்லையென்றால் கடலில் விழும். கோபுரம் தயார் என்ற குரல் வந்ததும் அண்ணனின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். ஏழாவது நிமிடம். ஒரு பக்கம் நெருப்புப் பிடித்தபடி அந்தக் குழல் சாய்ந்து வந்தது, நிமிர்ந்தது, கைகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்தது, தொங்கியது. பக்கத்திலிருந்த பாட்டி, முன்பின் தெரியாதவர், என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவருடைய நகம் பதிந்த தடத்தை இரவு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு விநாடி போயிருந்தால் ராக்கெட் தானாகவே முயற்சியைக் கைவிட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் தரையில் மோதியிருக்கும் என்று பின்னர் வெளியான ஓர் உரையாடலில் தெரிந்தது. மேல்நிலை ஒரு மணி நேரம் கழித்து நம் இந்தியப் பெருங்கடலின் கிழக்கோரத்தில் இறங்கியபோது கடையில் பாதிப் பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள். அவர்கள் இருந்திருக்க வேண்டும்.

குறைகள்: குளிர்பெட்டியின் மோட்டார் உறுமல் பெரிது, அதன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால் வர்ணனை கேட்காது. மின்விசிறி ஒன்றுதான். விடியற்காலை ஏவுதல்களுக்குக் கடை திறக்காது, அதைக் கேட்பதும் நியாயமில்லை. ஒருமுறை சரியாக இறங்கும் நேரத்தில் தேநீர்த் தட்டோடு திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். சொன்னேன். அதன்பின் நடக்கவில்லை.

கடைசியாகப் போனது 2025 ஆகஸ்ட் 28. சாதாரண ஸ்டார்லிங்க் ஏவுதல்தான், நண்பகல் தாண்டியதும். நான் அண்ணனிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன். 1067 என்ற எண் கொண்ட அந்த முதல் நிலைக்கு அது 30ஆவது பயணம்; அதுவரை வேறெந்த முதல் நிலையும் அத்தனை முறை பறந்ததில்லை. அதன் முதல் பயணம் 2021 ஜூன் 3. அன்று அது விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோன சரக்கில் மொரீஷியஸின் முதல் செயற்கைக்கோளான மிர்-சாட் 1 இருந்தது. பத்து சென்டிமீட்டர் சதுரப் பெட்டி. ஐ.நா. விண்வெளி அலுவலகமும் ஜப்பானின் விண்வெளி அமைப்பான ஜாக்ஸாவும் நடத்திய தேர்வில் 2018இல் இந்தத் தீவு வென்ற இடம் அது. அந்த ஏவுதலை இரவு 9.29க்கு வீட்டில் தனியாகப் பார்த்தேன். சொல்லி மகிழ ஆளில்லை.

இம்முறை தால் பூரிக்கு வரிசை வாசல் வரை நின்றது. அண்ணன் கிரியோலில், நம்முடைய பெட்டியைத் தூக்கிப்போன வண்டி இது என்று உரக்கச் சொன்னார். வரிசை அப்படியே திரைப் பக்கம் திரும்பியது. ஒரு சிறுமி கையிலிருந்த பூரியைக் கடிக்க மறந்து நின்றாள். எட்டரை நிமிடம் ஆனபோது புகை விலகியது. கரி படிந்த குழல் நாலு காலில் மிதவையில் நின்றது. அண்ணன் சாக்கட்டியை எடுத்து, பாட்டில் காசு எழுதும் பலகையின் மூலையில் 30 என்று எழுதினார். பலகை இன்னும் துடைக்கப்படவில்லை.