இரட்டைக் காலுறை: மூன்று ஆண்டுகளுக்குப் பின், ஒரு தையலைப் பற்றி

அடுத்த மாதம் படைப் பயிற்சிக்குப் புறப்படவிருக்கும் தம்பி ஒருவன், "அண்ணா, கால் கடிக்காத பூட்ஸ் எது?" என்று கேட்டு எழுதியிருந்தான். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்த எனக்கு அது முடியவில்லை. பூட்ஸைப் பெரும்பாலும் முகாமிலேயே கொடுத்துவிடுவார்கள். அளவைச் சரியாகச் சொல்லி வாங்கிக்கொள்வதைத் தவிர அதில் நமக்குத் தேர்வு கிடையாது. அந்த பூட்ஸுக்கும் நம் தோலுக்கும் நடுவே எதை அணிகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. மெல்லிய செயற்கை இழை உள்ளுறை, அதன்மேல் கம்பளி கலந்த தடித்த வெளியுறை என்று இரண்டு காலுறைகளைச் சேர்த்து அணியும் முறையைப் பயிற்சிக் காலத்தின் மூன்றாம் மாதத்தில் தொடங்கினேன். இன்று வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக, அதையே தொடர்கிறேன். அந்த உள்ளுறையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அது என் குதிகாலைக் காப்பாற்றியது. என் சுண்டுவிரலைப் புண்ணாக்கியதும் அதுவேதான்.

"செருப்பு கடித்துவிட்டது" என்று சொல்லியே நாம் பழகியிருக்கிறோம். அந்தச் சொல் என்னை முதல் இரண்டு மாதங்கள் தவறான இடத்தில் தேட வைத்தது. பூட்ஸின் பின்பகுதியில் கூராக ஏதோ இருக்கிறது என்று நம்பி, உள்தோலை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை. கொப்புளம் உருவாகும் விதமே வேறு. தோலின் மேற்பரப்பு காலுறையோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. உள்ளே குதிகால் எலும்பு ஒவ்வோர் அடிக்கும் சற்றே மேலும் கீழுமாக நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மென்திசு இழுபட்டுத் தளர்கிறது. பல ஆயிரம் அடிகளுக்குப் பிறகு மேல்தோலின் நடு அடுக்கில் செல்கள் பிரிந்து ஒரு பிளவு விழுகிறது. அந்தப் பிளவில் நீர் கோத்துக்கொள்கிறது. கொப்புளத்தின் மேல் தோல் சிதையாமல் முழுதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: கிழிசல் உள்ளே விழுகிறது.

ஈரம் இதை மோசமாக்குகிறது. நன்கு உலர்ந்த தோல் எளிதாக வழுக்கும். வியர்வையில் லேசாக ஊறிய தோல்தான் துணியோடு இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். பூட்ஸுக்குள் முதல் ஒரு மணி நேரம் கழிந்ததும் நம் கால் இந்த நிலைக்குத்தான் வந்து சேர்கிறது. பருத்திக் காலுறை அந்த ஈரத்தை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்வதால், நெடுநடைக்கு அதை அணிவது வியர்வையைத் தோலோடு சேர்த்துக் கட்டி வைப்பதற்குச் சமம்.

என் முதல் நெடுநடை 16 கிலோமீட்டர், முதுகில் ஏறத்தாழ 20 கிலோ சுமை. ஒரே ஒரு தடித்த பருத்தி சாக்ஸ் அணிந்திருந்தேன். ஆறாவது கிலோமீட்டரில் வலது குதிகாலின் பின்புறம் ஒரு நாணய அளவு இடம் மட்டும் சூடேறுவது தெரிந்தது. அந்தச் சூடு ஓர் எச்சரிக்கை. அப்போதே நின்று கவனித்தால் கொப்புளத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். ஆனால் வரிசையில் நடக்கும் பயிற்சியாளன் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. அடுத்த ஓய்வு வரும்போது சூடு அடங்கிவிட்டிருந்தது. நல்லது என்று எண்ணி பூட்ஸைக் கழற்றாமலே இருந்தேன். சூடு அடங்கியது போலிருந்தாலும் உள்ளே நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. முகாம் திரும்பிக் காலுறையை இழுத்தபோது அது குதிகாலில் ஒட்டியிருந்தது. நீர் ஊற்றி நனைத்துத்தான் பிரிக்க முடிந்தது. அடுத்த ஒன்பது நாட்கள் பூட்ஸின் பின்பகுதி குதிகாலில் படாதபடி, முன்னங்காலில் ஊன்றியே நடந்தேன். அதனால் கெண்டைக்காலும் சேர்ந்து வலித்தது.

இரண்டு காலுறை முறை இந்த இழுபறியை வேறோர் இடத்துக்கு மாற்றிவிடுகிறது. மெல்லிய உள்ளுறை தோலோடு ஒட்டிக்கொண்டு காலோடு சேர்ந்தே நகர்கிறது. வெளியுறை பூட்ஸைப் பற்றிக்கொள்கிறது. வழுக்கல் இரண்டு துணிகளுக்கும் நடுவே நடக்கிறது. உராய்வு இல்லாமல் போவதில்லை, ஆனால் அதைத் துணி ஏற்றுக்கொள்கிறது. இது நான் மட்டும் கண்டதும் இல்லை. அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவின் பாரிஸ் ஐலண்ட் முகாமில் 357 புதிய பயிற்சியாளர்களிடம் 12 வாரப் பயிற்சியின்போது செய்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. வழக்கமான காலுறை மட்டும் அணிந்தவர்களில் 69 விழுக்காட்டினருக்கும், அதற்குள் மெல்லிய உள்ளுறை சேர்த்தவர்களில் 77 விழுக்காட்டினருக்கும், உள்ளுறையோடு, கம்பளியும் பாலிபுரோப்பிலீன் என்ற செயற்கை இழையும் கலந்த அடர்ந்த வெளியுறை அணிந்தவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் காலில் கொப்புளமோ தோல் அழற்சியோ வந்திருக்கிறது. உள்ளுறையை மட்டும் வாங்கிப் பழைய பருத்திக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு "பயனில்லை" என்று சொல்பவர்கள் இந்த நடு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். உள்ளுறைக்குத் தகுந்த வெளியுறை துணை வேண்டும்.

இரண்டையும் சேர்த்து அணிந்த முதல் நெடுநடை 24 கிலோமீட்டர். முடிவில் பூட்ஸைக் கழற்றியபோது வெளியுறை ஈரமாக இருந்தது. அதை உருவியதும் உள்ளுறை கையில் ஏறத்தாழ உலர்ந்தே பட்டது. வியர்வை உள்ளிருந்து வெளிப்பக்கம் கடந்துபோய், வெளியுறையின் கணுக்கால் பகுதியில் வெள்ளை உப்புக்கோடாகக் காய்ந்திருந்தது. குதிகாலை விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். சிறிய சிவப்புகூட இல்லை. அந்த மகிழ்ச்சியை மிகைப்படுத்தாமல் சொல்வது கடினம்; கால் பிழைத்துக்கொண்டால் பயிற்சியில் மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ள முடியும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளில் என் குதிகாலில் மீண்டும் ஒரு கொப்புளம் வந்ததில்லை.

இனி, தையல்.

அந்த உள்ளுறையின் விரல் முனையை மூடும் தையல் குறுக்காக ஓடி, பெருவிரல் பக்கம் ஒரு முனையிலும் சுண்டுவிரல் பக்கம் மறு முனையிலும் முடிகிறது. முடியும் இடத்தில் நூலை வெட்டாமல் முடிச்சுப் போட்டு விட்டிருக்கிறார்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது; நகத்தை ஓட்டினால் கடுகளவு ஒரு முடிச்சு தட்டுப்படும். பெருவிரல் பக்கம் இடம் தாராளமாக இருப்பதால் தொந்தரவில்லை. சுண்டுவிரல் பக்கம் பூட்ஸின் சுவர் நெருக்கி நிற்பதால், அந்தக் கடுகு விரலின் வெளிப்புறத்தில், நகத்துக்குச் சற்றுக் கீழே, ஒரே இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் அழுந்துகிறது. முதல் நாள் சிவந்தது. மூன்றாம் நடையில் நீர் கோத்தது. பிறகு காய்ப்பு பிடித்து, காய்ப்புக்கு அடியில் இன்னொரு கொப்புளம் வந்தது. அது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே விம்மிக்கொண்டு, போர்வை பட்டால்கூடத் தூக்கம் கலையும் அளவுக்கு வலித்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. பூட்ஸ் குறுகல் என்றே நம்பி, அரை அளவு பெரிய பூட்ஸுக்கு எழுதிக்கொடுத்து, அது வந்தபின் குதிகால் தளர்ந்து, மீண்டும் பழைய அளவுக்கே திரும்பினேன்.

இந்தக் குறை என்னை இவ்வளவு கோபப்படுத்துவதற்குக் காரணம், அது தவிர்க்கக்கூடியது என்பதே. தட்டையாக இணைக்கப்பட்ட விரல் தையல் எத்தனையோ காலுறைகளில் வருகிறது. இழையைத் தேர்ந்ததிலும், குதிகால் வளைவைப் பின்னியதிலும், ஐம்பது சலவைக்குப் பிறகும் தளராத கணுக்கால் பட்டியிலும் இத்தனை அக்கறை காட்டியவர்கள் கடைசி ஒரு முடிச்சில் கைவிட்டிருக்கிறார்கள்.

ரஷ்யப் படையினர் மிக நீண்ட காலம் காலுறைக்குப் பதிலாகச் செவ்வகத் துணியைக் காலில் சுற்றி பூட்ஸ் அணிந்தார்கள். 2013ஆம் ஆண்டின் முடிவுக்குள் அதைக் கைவிடுமாறு அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் செர்கெய் ஷோய்கு உத்தரவிட்டார். ஒரு மடிப்பு தவறினாலும் காலைப் புண்ணாக்கிவிடும் முறை அது. சுற்றிக் கட்டுவதற்கே பயிற்சி வேண்டும். அதை அணிய எனக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் சுண்டுவிரல் துடித்த இரவுகளில் அந்தத் துணியில் தையல் இல்லை என்பதை நினைத்துக்கொண்டதுண்டு.

நான் கண்ட தற்காலிக வழி, உள்ளுறையை உள்ளே வெளியாகத் திருப்பி அணிவது. முடிச்சு அப்போது வெளியுறையின் தடித்த பஞ்சுப் பகுதியில் புதைந்துவிடுகிறது. விரலில் அழுத்தம் பாதிக்கு மேல் குறைகிறது. அதோடு நடைக்கு முன் சுண்டுவிரலைச் சுற்றி ஒரே அடுக்காகக் காகித டேப் ஒட்டிக்கொள்கிறேன். மருத்துவமனைகளில் பஞ்சை ஒட்டி வைக்கும் அதே மெல்லிய டேப்தான். பல நாள் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கூட்டியே இந்த டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும்; சுருங்கிய டேப் இன்னொரு தையலாக மாறிவிடும். விரல்களுக்கு இடையே வியர்வை தேங்குவதால், ஓய்வின்போது அது இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவுடர் எனக்கு ஒத்துவரவில்லை. முதல் மணி நேரம் இதமாக இருந்து, பிறகு வியர்வையில் குழைந்து விரலிடுக்கில் உருண்டைகளாகத் திரண்டது. வியர்வையைத் தடுக்கும் அலுமினியம் குளோரைடு கரைசலை நடைக்கு முந்தைய இரவுகளில் பாதத்தில் பூசுவோர் உண்டு. அமெரிக்க இராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயின்டின் பயிற்சி மாணவர்களிடம் செய்து 1998இல் வெளிவந்த ஆய்வில், 21 கிலோமீட்டர் நடைக்கு முன் குறைந்தது மூன்று இரவுகள் 20 விழுக்காட்டுக் கரைசலைப் பூசியவர்களில் 21 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லாத கரைசலைப் பூசியவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் கொப்புளம் வந்தது. ஆனால் மருந்து பூசியவர்களில் 57 விழுக்காட்டினருக்குத் தோல் எரிச்சலும் வந்தது. நான் இரண்டு இரவுகள் பூசி, மூன்றாம் இரவு அரிப்புத் தாங்காமல் கழுவிவிட்டேன். பூட்ஸ் லேஸை மேல்பாதத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உள்ள வளைவில் இரட்டைச் சுற்றாக இறுக்கினால் குதிகால் எழும்புவது நின்றுவிடும். அதற்குக் கீழே சற்றுத் தளர்வாக விட்டால் விரல்கள் வீங்குவதற்கு இடம் கிடைக்கும். நகங்களை நடைக்கு இரண்டு நாள் முன்பே நேர்கோடாக வெட்டிவிட வேண்டும்.

கொப்புளம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தம்பி கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. சிறியதாக, வலி இல்லாமல் இருந்தால் மூடிவைத்து அப்படியே விட்டுவிடலாம். பெரிதாக விம்மி நடக்க முடியாமல் இருந்தால், கையையும் இடத்தையும் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். மேல் தோலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உரித்துவிடக் கூடாது. அந்தப் புண்ணுக்கு அதைவிட நல்ல மூடி கிடையாது. முதல் நாளில் மீண்டும் நீர் கோக்கும். இரண்டு மூன்று முறை வடிக்க வேண்டியிருக்கும். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காலில் மேல்நோக்கிச் செந்நிறக் கோடு ஓடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவ அறைக்குப் போய்விட வேண்டும். பயிற்சியில் பின்தங்கிவிடுவோம் என்ற பயத்தில் மறைத்த என் அறைத்தோழன் ஒருவன், மூன்று நாட்களில் சரியாகியிருக்க வேண்டிய புண்ணுக்காக மூன்று வாரம் படுக்கையில் கிடந்தான். நான் அவனுக்கு அருகில் படுத்திருந்தும் அவன் காலைப் பார்க்கக் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த உள்ளுறை நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. நான்கு இணைகளைச் சுழற்சியில் அணிந்தேன். முதல் இணையில் ஓட்டை விழ ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. இரவில் பிழிந்து கட்டில் கம்பியில் போட்டால் விடியலில் உலர்ந்திருக்கும். நடையின் நடுவே மாற்றுவதற்கு ஓர் இணையை நீர் புகாத பையில் வைத்துக்கொண்டால் போதும். பத்து நிமிட ஓய்வில் பூட்ஸைக் கழற்றி, காலைக் காற்றில் ஆறவிட்டு, உலர்ந்ததை மாட்டிக்கொள்வதற்கு நேரம் இருக்கும்.

தையலைப் பற்றித் தயாரிப்பாளருக்கு இரண்டு முறை படத்தோடு எழுதினேன். முதல் முறை, சலவைக் குறிப்பைப் பின்பற்றும்படி பதில் வந்தது. இரண்டாம் முறை பதில் இல்லை. இப்போது அதே உள்ளுறையின் விலையைக் குறைத்திருக்கிறார்கள். விலை குறைந்த புதிய இணை ஒன்றை வாங்கி, பிரித்ததும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். முடிச்சு அதே இடத்தில், அதே அளவில் இருந்தது.

ஆகவே, தம்பி, மூன்று ஆண்டுகள் என் கால்களைக் காப்பாற்றிய இந்த உள்ளுறையை உனக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சியின் முதல் மாதத்தில் இருப்பவன், காலுறையை உள்ளே வெளியாகத் திருப்பி, டேப் ஒட்டி, ஒரு தையலோடு போராடிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு காலுறை முறையைக் கட்டாயம் பின்பற்று. உள்ளுறையை மட்டும் வேறொன்றாகத் தேடிக்கொள். வாங்கும் இடத்திலேயே அதைத் திருப்பி, விரல் தையலின் இரண்டு முனைகளிலும் நகத்தை ஓட்டிப் பார். ஏதாவது தட்டுப்பட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு.