மாலத்தீவில் இறங்கியபின்: கடல் விமானமா, ஸ்பீட் போட்டா?

வேலானா விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற குட்டித் தீவில்தான் இருக்கிறது. அங்கிருந்து ரிசார்ட்டுக்கு எதில் போவது?

செலவு: போட் மலிவு. கடல் விமானத்துக்குப் போக வர ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும்.

நேரம்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் வந்து இறங்கினால் அன்றிரவு பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலே தீவில் அறை எடுக்க வேண்டியதுதான்; அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். போட் இருட்டிய பிறகும் ஓடும்.

சுமை: விமானத்தில் எடை விஷயத்தில் கறார்.

சௌகரியம்: பருவமழைக் காலத்தில் போட் தூக்கிப்போடும். விமானத்தில் காது அடைக்கும் இரைச்சல், ஆனால் கீழே தெரியும் பவளத்திட்டுகளுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பக்கத்துத் தீவு, குறைந்த பட்ஜெட், இரவு வருகை என்றால் போட். தொலைதூரத் தீவுக்குப் பகலிலேயே வந்து சேர்கிறீர்களா? சரி, பறந்துவிடுங்கள்.