பல் துலக்க உகாய்க் குச்சியா, வேலங்குச்சியா?

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்றார்களே, அந்த வேலமரம் காங்கேயம், தாராபுரம் பக்கம் காட்டிலேயே ஒடிக்கக் கிடைக்கும். பச்சையாகக் கிடைப்பதால் தினசரிக்கு அதுவே என் தேர்வு. துவர்ப்பில் ஈறு இறுகும். முள்ளை அடியோடு சீவுங்கள். முற்றிய கிளை நாராகாது, சிம்பு சிம்பாகப் பிளந்து குத்தும். இளசாகப் பார்த்து ஒடியுங்கள்.

உகாய் பாலையிலும் உவர்நிலத்திலும் தாங்கும் மரம். கடையில் மிஸ்வாக் என்று உறையில் வருவது இதன் குச்சிதான். சுண்டுவிரல் கனத்தில் வேர்க்குச்சி நல்லது. நுனியில் அரை அங்குலம் தோல் சீவி மென்றால் நார் பிரஷ் மாதிரி விரியும், முள்ளங்கிக் காரம் சுருக்கென்று ஏறும். காய்ந்த குச்சி ஈறைக் கிழிக்கும், ஊறவைத்தே மெல்லுங்கள். தேய்ந்த நாரைத் தினமும் நறுக்கிவிடுங்கள்.

இரண்டிலுமே குறுக்காகத் தேய்க்காதீர்கள், ஈறு இறங்கிவிடும்.