கிரவல் பாதைக்கு ஸ்னோபுளோவர் வாங்குகிறீர்களா? காசு கொடுக்கும் முன் ஓகரில் (பனியை அள்ளும் சுருள் அலகில்) இருக்கும் பொல்ட்டுகளைப் பாருங்கள்

பனியை அள்ளி எறியும் பழைய ஸ்னோபுளோவர் இயந்திரங்களை மலிவாக வாங்கி, வர்ணம் பூசி, "முழுமையாகச் செப்பனிட்டது" என்று விளம்பரம் போட்டு எங்கள் ஆட்களுக்கே விற்கும் ஒருவரிடம் 1,150 டொலர் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. விவகாரம் நீதிமன்றத்தில் இருக்கிறது. அவர் செய்த தந்திரம் அவருக்கு மட்டும் உரியதல்ல என்று இயந்திரத்தைத் திறந்து பார்த்த மெக்கானிக் சொன்னார். ரொறன்ரோவை விட்டு வடக்கே ஒரில்லியா, மஸ்கோக்கா பக்கம் காணியோடு வீடு வாங்கிப் போன குடும்பங்கள் இப்போது நிறைய. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீடு கிரேவன்ஹர்ஸ்ட்டுக்குத் தெற்கே இருக்கிறது. வீதியிலிருந்து வாசல்வரை ஏறக்குறைய 120 மீற்றர் பாதை, அத்தனையும் கிரவல். ஜோர்ஜியன் குடா உறைவதற்கு முன்னர் அதன் மேல் கடுங்குளிர்க் காற்று வீசினால், அது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் தலையில் பனியாகக் கொட்டும். இந்தப் பனி ஒடுக்கமான பட்டையாக விழும். பாரி நகரில் வெயில் எறிக்கும்போதே எங்களுக்கு இடுப்பளவு குவிந்துவிடும். ஸ்காபரோவில் இரண்டு கார் நிற்கும் தார்த் தரையைச் சவளால் வழித்த அனுபவம் இங்கே எதற்கும் உதவாது.

இப்படிப்பட்ட பாதைக்கு எந்த இயந்திரம் ஆகும் என்பதில் குழப்பம் இல்லை. ஒற்றைக் கட்ட இயந்திரத்தில் ஓகர் தரையை உரசிக்கொண்டே சுழன்று பனியை நேரடியாக வீசும். கிரவலில் அது கல்லையும் சேர்த்து வீசும். இரட்டைக் கட்ட இயந்திரத்தில் ஓகர் பனியை உள்ளே இழுத்துக் கொடுக்க, பின்னால் இருக்கும் இம்பெல்லர் என்ற விசிறி அதைக் குழாய் வழியாகத் தூர எறியும். இரு பக்கமும் முன்பகுதியைத் தாங்கி நிற்கும் ஸ்கிட் ஷூ என்ற தகடுகளை இறக்கிப் பூட்டினால் முன்பகுதி தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும். அடியில் மிஞ்சும் பனியை அப்படியே விட்டுவிட வேண்டும். அது காரின் சில்லுகளில் மிதிபட்டு இறுகி, குளிர்காலம் முழுவதும் கல்லை மூடிக் கிடக்கும்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் போவதற்கு முன்பே குறுஞ்செய்தியில் எழுதியிருந்தேன்: பாதையின் நீளம், கிரவல், வீதிக்கரையில் நகரசபை வண்டி தள்ளிவிட்டுப் போகும் பனிமேடு, எல்லாம். "அண்ணா, உங்களுக்கு ஏற்ற சாமான் இருக்கிறது. 28 அங்குலம், இரட்டைக் கட்டம். கியர்பொக்ஸ் கழற்றிப் பார்த்து ஒயில் மாற்றியிருக்கிறேன். கிரவலுக்குப் பயமில்லாமல் விடலாம்" என்று பதில் வந்தது. நேரில் போனபோது தேநீர் கொடுத்தார். ஊர் எது, எந்தப் பாடசாலை என்றெல்லாம் விசாரித்தார். இயந்திரம் முதல் இழுப்பிலேயே இயங்கியது. பிறகுதான் மெக்கானிக் சொல்லித் தெரிந்தது: வாங்க வருபவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது பழைய வித்தையாம். எத்தனால் கலந்த பெற்றோலைக் கோடை முழுவதும் உள்ளே விட்டுவைத்ததால் கார்புரேற்றர் பிசினேறிக் கிடந்தாலும், சூடான இயந்திரம் அதை மறைத்துவிடும்.

புதிதாக வாங்கினால் இந்த அளவு இயந்திரம் இரண்டாயிரம் டொலரைத் தாண்டும். 1,150 நியாயமான விலையாகத்தான் தெரிந்தது. ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் "உள்ளது உள்ளபடி விற்பனை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. கேட்டதற்கு, "அது எல்லா ரசீதிலும் வழமையாக இருப்பது, நீங்கள் யோசிக்க வேண்டாம்" என்றார்.

2024 நவம்பர் கடைசியில் வந்த பனியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். சில இடங்களில் ஒரு மீற்றருக்கும் அதிகமாகக் கொட்டியது. நெடுஞ்சாலை 11 மூடப்பட்டு மக்கள் வாகனங்களுக்குள் சிக்கினார்கள். கிரேவன்ஹர்ஸ்ட் நகரம் அவசரநிலையை அறிவித்தது. வாங்கிய இயந்திரத்துக்கு அதுதான் முதல் வேலை. வாசலருகே கொஞ்ச தூரம் நன்றாகத்தான் எறிந்தது. ஆனால் பனியோடு கல்லும் பறந்தது. கராஜ் கதவில் குழிகள் விழுந்தன. நிறுத்திவிட்டுப் பார்த்தால், கடைக்காரர் "கிரவலுக்கு என்று சரிசெய்து தருகிறேன்" என்று சொன்ன ஸ்கிட் ஷூக்கள் தார்த் தரைக்கு உரிய மட்டத்தில் பூட்டப்பட்டிருந்தன. உறைந்த நட்டுகளோடு மல்லாடி அவற்றைச் சரிசெய்துகொண்டு வீதிப் பக்கம் போனேன்.

வீதிக்கரையில் குவிந்திருக்கும் பனி வானத்திலிருந்து விழுந்த பனி அல்ல. புதுப் பனி ஒரு கன மீற்றருக்கு நூறு கிலோ அளவில்தான் வரும். நனைந்து, வண்டியால் அழுத்தப்பட்டு இறுகியது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு கனக்கும். அதற்குள் பனிக்கட்டியும் வீதியோரக் கற்களும் கலந்திருக்கும். அந்த மேட்டில் மெதுவாக, பாதி அகலம் மட்டும் கொடுத்துத்தான் போனேன். ஒரு கல் ஓகருக்குள் சிக்கியது. ஒரு நல்ல இயந்திரத்தில் அப்போது "டக்" என்று ஒரு ஷியர் பின் (ஓகரைத் தண்டோடு இணைக்கும் ஆணி) உடையும். சில டொலர் சாமான், அங்கேயே நின்று மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம். எனக்குக் கேட்டது அரைபடும் சத்தம். ஓகர் நின்றது. இம்பெல்லர் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

அவசரத்துக்கு லொறியில் பனி தள்ளும் ஒருவரை அழைத்தோம். அவர் அந்தப் புயலுக்கான விலையை வாங்கிக்கொண்டு, தரை இன்னும் உறையாத கிரவலில் தகட்டை அடிவரை இறக்கித் தள்ளினார். பாதையில் போட்ட கல்லில் ஒரு பகுதி புல்தரைக்குப் போய்ச் சேர்ந்தது. அது தனிக்கதை.

வீதி திறந்த பிறகு ஒரில்லியாவில் சிறு இயந்திரங்கள் திருத்தும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். அவர் கியர்பொக்ஸைத் தொடவே இல்லை. முதலில் ஓகரில் இருந்த பொல்ட்டின் தலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். வர்ணம் உரிந்து, தலையில் ஆறு கோடுகள் தெரிந்தன. "இனித் திறக்கவே தேவையில்லை, ஆனாலும் உங்களுக்காகத் திறக்கிறேன்" என்றார்.

அவர் விளக்கியது இது. ஓகர் இடது, வலது என இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் நடுத்தண்டின் மேல் செருகிய ஒரு குழாய்தான். தண்டையும் குழாயையும் இணைப்பது ஷியர் பின் மட்டுமே. வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்ட அந்தப் பின், கல் சிக்கினால் தானே உடைந்து, தண்டைக் குழாய்க்குள் சும்மா சுற்றவிடும். கியர்பொக்ஸ் தப்பிவிடும். உள்ளே உருக்காலான திருகுப் பல்லும் வெண்கலப் பற்சில்லும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டிருக்கும். இரண்டில் வெண்கலம்தான் தோற்கும். அந்தப் பின்னின் இடத்தில் போட்டிருந்த, ஆறு கோடு உள்ள பொல்ட் தரம் 8, கடினமான வகை. அது உடையவே உடையாது. உடைய வேண்டியது உடையாவிட்டால் உடையக்கூடாதது உடையும்.

திறந்தபோது ஒயில் இல்லை. கெட்டியான கிறீஸை வாய்வரை அடைத்திருந்தார்கள். வெடித்திருந்த அலுமினிய உறையைச் சிலிக்கன் பசையால் ஒட்டி மேலே வர்ணம் பூசியிருந்தார்கள். ஒயில் விட்டால் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? கிறீஸுக்குள் வெண்கலத் தூள் மினுங்கியது. பற்சில்லில் பாதிப் பற்கள் முன்பே தேய்ந்து வட்டமாகியிருந்தன. மீதியை என் வீதியோரக் கல் முடித்துவைத்தது. அதாவது இந்த இயந்திரம் ஏற்கெனவே ஒருமுறை இதே விதமாகச் செத்தது. கியரை மாற்றக் காசு செலவழியும் என்பதால், ஷியர் பின் அடிக்கடி உடைந்து வாங்குபவருக்குச் சந்தேகம் வராதபடி கடினமான பொல்ட்டைப் போட்டு விற்றிருக்கிறார்கள். கவனக்குறைவால் உறையில் வெடிப்பு ஒட்டப்படாது, அதன்மேல் வர்ணமும் ஏறாது.

கடைக்காரரை அழைத்தேன். தேநீர் கொடுத்த குரல் அல்ல அது. "கல்லில் விட்டால் எந்த மெசினும் உடையும்தானே அண்ணா?" என்றார். கிரவல் என்று எழுதிய செய்தியையும் அவருடைய பதிலையும் படம் பிடித்து அனுப்பினேன். "ரசீதைப் பாருங்கள்" என்று ஒரு வரி வந்தது. அதன்பின் அழைப்பை எடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவர் மூலம், "நாங்கள் எல்லாம் ஒரே ஆட்கள், இதைப் பெரிதாக்க வேண்டாம்" என்று தூது அனுப்பினார். விற்கும்போதும் ஒரே ஆட்கள்தான் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன்.

"உள்ளது உள்ளபடி" என்ற வரியைப் பார்த்ததும் கையை விட்டுவிடாதீர்கள். ஒன்ராறியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வியாபாரம் செய்யும் ஒருவர் நுகர்வோருக்குப் பொருள் விற்கும்போது, பொருள் விற்பனைச் சட்டம் தானாகவே தரும் நிபந்தனைகளை ஒரு ரசீது வரியால் அழித்துவிட முடியாது. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. இல்லாத தரம் இருப்பதாகச் சொல்லி விற்பது நேர்மையற்ற நடைமுறை. அப்படி நடந்திருந்தால் ஓராண்டுக்குள் அறிவித்தல் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய உரிமை உண்டு. தன் வீட்டுக் கராஜில் கிடந்த சொந்தச் சாமானை விற்கும் தனியாளுக்கு இந்த நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே உங்கள் கண்தான் காவல்.

கண் எதைப் பார்க்க வேண்டும்? விற்பவரிடம் இயந்திரத்தைச் சூடாக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் சைலன்சரின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெப்பம் அடித்தால் ஏன் என்று கேளுங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு ஓகருக்குப் போங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். பொல்ட் தலையில் மூன்று கோடோ ஆறு கோடோ (இரண்டும் கடினமான பொல்ட்டின் குறி) தெரிந்தாலும், வர்ணம் பூசி மறைத்திருந்தாலும் விலகிவிடலாம். நான் முக்கியமாக நினைக்கும் சோதனை அடுத்தது: இரு பக்கப் பின்களையும் கழற்றச் சொல்லி, ஓகரின் ஒவ்வொரு பாதியையும் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டின் மேல் அது சுதந்திரமாகச் சுழல வேண்டும். கிறீஸ் காணாமல் துருப்பிடித்துத் தண்டோடு ஒட்டியிருந்தால், அசல் பின்னைப் போட்டாலும் பயன் இல்லை. கியர்பொக்ஸின் ஒயில் மூடியைத் திறந்து ஒரு சுத்தமான கம்பியை விட்டு எடுங்கள். பொன்னிறத் தூள் ஒட்டி வந்தால் கதை முடிந்தது. இவற்றுக்கு மறுக்கும் கடையில் பேரம் பேசவே வேண்டாம். அசல் பின்கள் சிலவற்றை, அந்த மொடலுக்கு உரியவற்றையே, வாங்கிக் கராஜில் தொங்கவிடுங்கள்.

கல்லோ பனியோ அடைத்துக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தியபிறகும் கையை உள்ளே விடக்கூடாது. பெல்ட்டில் தங்கிய இறுக்கம், அடைப்பு விலகியதும் அலகை ஒரு கணம் சுற்றவைக்கும். அடைப்பை எடுக்கத்தான் இயந்திரத்தோடு ஒரு தடி தருகிறார்கள். இது இந்தப் பதிவின் விடயம் இல்லை என்றாலும் விரல் போனவரை நேரில் பார்த்ததால் எழுதுகிறேன்.

சிறு உரிமைக் கோரல் நீதிமன்றத்தில் நானே மனுத் தாக்கல் செய்தேன், வழக்கறிஞர் தேவைப்படவில்லை. மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, படங்கள், குறுஞ்செய்திகள் எல்லாம் இணைத்திருக்கிறேன். மனு போய்ச் சேர்ந்ததும் கடைக்காரரின் தொனி மீண்டும் மாறியது. வான் அனுப்பி இயந்திரத்தை எடுத்துச் சென்று இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு அழைப்பு வந்தால், பணம் கைக்கு வரும்வரை கியர்பொக்ஸையும் பொல்ட்டுகளையும் வீட்டைவிட்டு வெளியே விடாதீர்கள். வழக்கில் உங்களிடம் இருக்கும் சாட்சி அவைதான்.